மூன்று கிளிக்கில் வரும் எண்: டார்ச்சின் பேட்டரிச் சோதனை

பழைய இழை பல்பு டார்ச்சுக்குப் பேட்டரிச் சோதனை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. செல் தீரத் தீர வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து மங்கிய செம்மைக்கும் இறங்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைய எல்இடி டார்ச்சில் அந்த அறிகுறி பெரும்பாலும் போய்விட்டது. பக், பூஸ்ட் வகை டிரைவர் உள்ள விளக்குகளில், செல்லின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தாலும் எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை டிரைவர் முடிந்தவரை மாறாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் வெளிச்சம் ஏறத்தாழக் கடைசி வரை ஒரே மாதிரி இருந்துவிட்டு, பிறகு சட்டென்று படியிறங்கி நின்றுவிடும். எஃப்இடி வகை எளிய டிரைவர் என்றால் உச்ச வெளிச்சம் செல்லோடு சேர்ந்து குறையத்தான் செய்கிறது. ஆனால் நம் கண் இருளுக்குப் பழகிக்கொள்ளும். மெல்ல மெல்லக் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டதைக்கூட அது கவனிக்காமல் விட்டுவிடும். ஆகவே கையில் இருக்கும் டார்ச் இன்னும் எவ்வளவு நேரம் எரியும் என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. டார்ச்தான் சொல்ல வேண்டும்.

நிரல்படுத்தக்கூடிய டார்ச்சுகளில் அதைச் சொல்வது ஃபர்ம்வேர். இந்த அத்தியாயம் ஆண்டுரில் என்ற திறமூல ஃபர்ம்வேரை வைத்தே பேசுகிறது. டாய்கீப்பர் என்ற பெயரில் அறியப்படும் நிரலாளர் உருவாக்கிய இது, எமிசார், நாக்டிகன் விளக்குகளிலும், சோஃபிர்ன், வுர்க்கோஸ் நிறுவனங்களின் பல மாடல்களிலும் ஓடுகிறது. இத்தகைய விளக்கை வாங்குபவர்கள் வெளிச்சத்தின் மேல் வரம்பை மாற்றுகிறார்கள், அணைந்த நிலையில் ஒளிரும் துணை விளக்கின் நிறத்தை மாற்றுகிறார்கள், வெப்ப வரம்பைக்கூடத் தேடிப் போய் மாற்றுகிறார்கள். பேட்டரிச் சோதனையை மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான் என்பது என் வாதம். டார்ச் காட்டுவது மின்னழுத்தம்தான். மிச்சம் எவ்வளவு என்பதை அது நேரடியாகக் காட்டுவதில்லை. அந்த மின்னழுத்தத்தை எப்போது வாசித்தோம், அளக்கும் கருவியைத் திருத்தினோமா என்பவற்றைப் பொறுத்தே அதற்குப் பொருள் உண்டாகிறது. செல்லைக் காக்கும் அமைப்பும் இதே அளவீட்டைத்தான் நம்பி இருக்கிறது.

சோதனை செய்யும் முறை எளிது. விளக்கு அணைந்திருக்கும்போது பட்டனை மூன்று முறை தட்டினால், முதலில் முழு வோல்ட்டும், சிறு இடைவெளிக்குப் பிறகு பத்தில் ஒரு பங்குகளும் சிமிட்டல்களாக வரும். மூன்று சிமிட்டல், இடைவெளி, எட்டுச் சிமிட்டல் என்றால் 3.8 வோல்ட். பூஜ்யத்துக்கு ஒரு மின்னல் கீற்றுப் போன்ற மிகக் குறுகிய சிமிட்டல் வரும். நான்கு சிமிட்டலுக்குப் பின் அந்தக் கீற்று வந்தால் 4.0, அதை ஒன்று என்று எண்ணி 4.1 என்று படித்துவிடக் கூடாது. சற்று நீண்ட இடைவெளிக்குப் பிறகு அதே எண் மறுபடியும் வரும், ஆகவே முதல் முறை தவறவிட்டாலும் பதற வேண்டியதில்லை. ஒரு கிளிக்கில் அணைந்துவிடும். புதிய விளக்குகள் பெரும்பாலும் எளிய பயன்முறையில்தான் வருகின்றன. அதிலும் இந்த மூன்று கிளிக் வேலை செய்கிறது, ஆனால் எண் ஒரு முறைதான் வரும். வீட்டில் டார்ச்சைத் தொடும் எல்லோருக்கும், மற்ற எதையும் கற்றுக்கொடுக்காவிட்டாலும், இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். மேம்பட்ட பயன்முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கிளிக் செய்தால் வெப்பநிலைச் சோதனைக்குப் போய்விடும். அதுவும் இதே போல இரண்டு இலக்கங்களாகத்தான் சிமிட்டும். நம் ஊர் வெயிலில் 31 டிகிரியில் இருக்கும் டார்ச் மூன்றும் ஒன்றுமாகச் சிமிட்ட, செல் 3.1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த எண் வந்தால், அணைத்துவிட்டு மீண்டும் மூன்று கிளிக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

வோல்ட் கணக்கு எதற்கு, கைப்பேசி மாதிரி சதவீதமாகக் காட்டிவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அப்படிக் காட்டிய ஃபர்ம்வேர்களும் உண்டு. கன்வாய் விளக்குகளில் பரவலாக வந்த பிஸ்காட்டி, மிச்சத்தைக் கால் பங்குகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து நான்கு சிமிட்டல்களில் சொன்னது. இதில் உள்ள குறை, சிமிட்டலுக்குப் பின்னால் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கிறது என்பது. இன்ன வோல்ட் என்றால் இத்தனை கால் என்று யாரோ ஒருவர், ஏதோ ஒரு செல்லை மனதில் வைத்து, முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார். நீங்கள் போடும் செல் வேறாக இருந்தால் அந்த அட்டவணை பொருந்தாது. பொருந்தவில்லை என்பது உங்களுக்குத் தெரியவும் வழியில்லை, ஏனென்றால் மூல எண் உங்கள் கைக்கு வருவதே இல்லை. செல்லைக் கழற்றவே முடியாத விளக்கில் சதவீதம் காட்டுவது சரியான முடிவுதான். எந்த செல் உள்ளே இருக்கிறது என்பது தயாரித்தவருக்குத் தெரியும். செல்லை மாற்றிப் போடக்கூடிய விளக்கில் வோல்ட்தான் நேர்மையான பதில். அதை மிச்சமாக மாற்றும் வேலை நம்முடையது. நிக்கல் அடிப்படையிலான வழக்கமான லித்தியம் அயான் 18650 செல்லுக்கு அந்த வேலை கடினமும் அல்ல. ஓய்வில் 4.2 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 3.9க்கும் 4.0க்கும் இடையில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. 3.7 அளவில் ஏறத்தாழப் பாதி. 3.5க்கும் 3.6க்கும் இடையில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றே கூடுதல். 3.3க்கு வந்துவிட்டால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரவு வெளியே கிளம்புவதாக இருந்தால் செல்லை மாற்றிவிட வேண்டும்.

இந்த எண்களில் ஓய்வில் என்ற சொல்லுக்குத்தான் முழு எடையும். மின்னோட்டம் பாயும்போது செல்லின் உள்தடையிலும், ஸ்பிரிங்கிலும், மூடியின் தொடுமுனைகளிலும் ஒரு பகுதி அழுத்தம் விழுந்துவிடுகிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் அளவு மாறாமலே இருக்க, வீட்டின் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டால் ஒவ்வொன்றிலும் வரத்து மெலிவது போன்ற நிகழ்வு இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செல், ஸ்பிரிங், தொடுமுனை எல்லாம் சேர்ந்து 40 மில்லிஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். டர்போ என்ற உச்ச வெளிச்சத்தில் 10 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட் விழும். ஓய்வில் 3.9 காட்டிய, முக்கால் பங்கு சார்ஜ் உள்ள செல், அந்த நேரத்தில் 3.5 வோல்ட்டாகத் தெரியும். அதை வைத்து முடிவு செய்தால் செல் தீரப்போகிறது என்றாகிவிடும். அதே விளக்கு 1 ஆம்பியரில் எரிந்தால் வீழ்ச்சி 0.04 வோல்ட் மட்டுமே. மூன்று கிளிக் சோதனையில் வரும் சிமிட்டல் வேண்டுமென்றே மங்கலாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் சோதனையே செல்லுக்குச் சுமையாகி அளவைக் கெடுப்பதில்லை. ஆனால் சோதனைக்கு முன் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது அளவைக் கெடுக்கும். டர்போவை அணைத்த கையோடு சோதித்தால் எண் குறைவாக வரும். பத்து நிமிடம் விட்டுச் சோதித்தால் ஏறியிருக்கும்.

அப்படி ஏறுவதைச் சிலர் ஃபர்ம்வேரின் கோளாறு என்கிறார்கள். அது கோளாறு இல்லை. கூர்ந்து பார்த்தால் அதற்குள் பயனுள்ள தகவல் ஒன்று இருக்கிறது. மின்னோட்டம் நின்றதும் வீழ்ச்சியின் ஒரு பகுதி கணத்தில் மறைந்துவிடும். கம்பி, ஸ்பிரிங், தொடுமுனை ஆகியவற்றின் தடையால் வந்த பகுதி அது. இன்னொரு பகுதி நிமிடக்கணக்கில் மெல்ல மறையும். செல்லுக்குள் லித்தியம் அயனிகள் சமநிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஆகவே டர்போவை அணைத்தவுடன் ஒரு முறையும், பத்து நிமிடம் கழித்து ஒரு முறையும் சோதித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வைத்தால், அது பெரும்பாலும் செல்லின் உடல்நிலையைப் பற்றியதாகவே இருக்கும். ஒரே விளக்கில், ஒரே அளவு நேரம் எரித்து, புதிய செல்லையும் பழைய செல்லையும் இப்படி ஒப்பிட்டால் எது களைத்துவிட்டது என்பது தெரியவரும். அழுக்கேறிய தொடுமுனையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதன் அறிகுறி வேறு: ஓய்வில் நல்ல எண் வரும், ஆனால் டர்போ போட்டால் வழக்கமான வெளிச்சம் வராது, அல்லது வந்த வேகத்தில் படியிறங்கும். அப்போது செல்லைக் குறை சொல்வதற்கு முன், மூடியின் திருகுப் பள்ளங்களையும் குழாயின் விளிம்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். குளிரில் செல்லின் உள்தடை கூடிவிடும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளக்கும் கருவிக்கு வருவோம். அதிகம் பேசப்படாத இடம் இதுதான், நிறைய தவறு நடக்கும் இடமும் இதுதான். டார்ச்சுக்குள் வோல்ட்மீட்டர் என்று தனியாக ஒன்று இல்லை. டிரைவர் பலகையில் இருக்கும் சிறிய மைக்ரோகன்ட்ரோலரே அளக்கிறது. பல ஆண்டுகள் இந்த வகை விளக்குகளில் பயன்பட்ட ஏடிடைனி85 சில்லை எடுத்துக்கொள்வோம். அதற்குள் 1.1 வோல்ட் என்று சொல்லப்படும் ஒரு மேற்கோள் மின்னழுத்தம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுத்தான் செல்லின் அளவை அது கணிக்கிறது. ஆனால் அந்த மேற்கோளே 1.0 முதல் 1.2 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தரவுத்தாள் அனுமதிக்கிறது. உங்கள் சில்லில் அது இரண்டு சதவீதம் மட்டும் விலகி இருந்தால்கூட, 4 வோல்ட்டில் 0.08 வோல்ட் பிழை வந்துவிடும். இதன்மேல் இன்னொன்றும் சேர்கிறது. செல்லைத் தலைகீழாகப் போட்டால் சில்லு எரியாமல் இருக்க, சில டிரைவர்களில் மின்வழியில் ஒரு டயோடு வைத்திருப்பார்கள். டயோடு தன் பங்குக்குக் கொஞ்சம் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் சில்லுக்குக் கொடுக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட ஃபர்ம்வேர் ஒரு நிலையான தொகையைக் கூட்டிச் சொல்கிறது. அந்தத் தொகை மாடலுக்குப் பொதுவானது, உங்கள் கையில் உள்ள பலகைக்கென்று அளந்து வைத்ததல்ல. ஆகவே ஒரே மாடலில் இரண்டு டார்ச் வாங்கி, ஒரே செல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், இரண்டும் 0.1 வோல்ட் வேறுபட்டுச் சொல்வதில் வியப்பே இல்லை. இரண்டும் பழுதானவை அல்ல, இரண்டும் திருத்தப்படாதவை.

திருத்துவதற்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டர் மட்டுமே. நேர்மின்னழுத்தத்துக்கான 20 வோல்ட் அளவில் வைத்து அளக்க வேண்டும். 0.5 சதவீதத் துல்லியம் என்று அச்சிட்டிருக்கும் சாதாரண மீட்டர் 4 வோல்ட்டில் 0.02 வோல்ட்டுக்குள் சொல்லிவிடும். நம் வேலைக்கு அது தாராளம். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால் மலிவு மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும் என்பதால், அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். செல்லை முழுச் சார்ஜில் அளக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. சார்ஜரிலிருந்து எடுத்த செல்லின் அழுத்தம் சிறிது நேரத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், அளவு நிலைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. மேற்கோளால் வரும் பிழை விகிதப்படி வருவது, டயோடால் வருவது ஏறத்தாழ நிலையான தொகை. நாம் செய்யப்போகும் திருத்தமோ ஒரே ஒரு நிலையான தொகை. அது ஒரு புள்ளியில் மட்டுமே சரியாகப் பொருந்தும். அந்தப் புள்ளியை நமக்கு எங்கே துல்லியம் தேவையோ அங்கே வைத்துக்கொள்வதுதான் அறிவு. கிளம்பலாமா, செல்லை மாற்றலாமா என்ற முடிவு 3.5, 3.6 அளவில்தான் எடுக்கப்படுகிறது. ஆகவே பாதிக்குக் கீழே இறங்கிய செல் ஒன்றை அரை மணி நேரம் ஓய்வில் வைத்து, இரு முனைகளிலும் மீட்டரின் முட்களை வைத்து அளந்து, உடனே டார்ச்சில் போட்டு மூன்று கிளிக் செய்து, இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்டுரிலின் அண்மைப் பதிப்புகளில் திருத்தம் செய்யும் பட்டியல் பேட்டரிச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. பழைய பதிப்புகளில் இது இல்லை; அணைந்த நிலையில் பதினைந்து கிளிக் செய்தால் விளக்கு தன் பதிப்பு எண்ணைச் சிமிட்டிச் சொல்லும். மேம்பட்ட பயன்முறையில், சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது ஏழு முறை அழுத்தி, ஏழாவது அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விளக்கு ஒரு முறை சிமிட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். அது முதல் அமைப்பு. பிறகு சில நொடிகள் விளக்கு படபடவென்று நடுங்கும். நீங்கள் எண்ணைச் சொல்வதற்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஏழு கிளிக் என்றால் திருத்தம் பூஜ்யம். ஏழுக்கு மேல் ஒவ்வொரு கிளிக்கும் 0.05 வோல்ட்டைக் கூட்டும், ஏழுக்குக் கீழ் ஒவ்வொன்றும் 0.05 வோல்ட்டைக் கழிக்கும். பதின்மூன்று கிளிக்கில் 0.30 வோல்ட் கூட்டல், ஒரே கிளிக்கில் 0.30 வோல்ட் கழித்தல், எல்லை அவ்வளவுதான். மீட்டர் 3.62 சொல்ல, டார்ச் 3.4 என்று சிமிட்டினால், பத்து கிளிக் கொடுத்து 0.15 வோல்ட் கூட்டிவிட்டு மறுபடியும் சோதித்துப் பாருங்கள், 3.6 வரவில்லை என்றால் பதினொரு கிளிக். டார்ச் பத்தில் ஒரு பங்கு வரைதான் சொல்கிறது, நாம் திருத்துவது அதில் பாதிப் படி என்பதால், ஒரே வாசிப்பில் முற்றிலும் சரியான படியைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். செல் இன்னும் கொஞ்சம் இறங்கிய பிறகு, அல்லது வேறொரு செல்லை வைத்து, மீண்டும் ஒரு முறை ஒப்பிட்டுவிட்டால் போதும்.

0.1 வோல்ட்டுக்காக இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன மிச்சக் கணக்கே பதில். 3.9க்கும் 3.5க்கும் இடையில் உள்ள 0.4 வோல்ட்டுக்குள் செல்லின் பாதிக்கும் மேற்பட்ட சார்ஜ் அடங்கிவிடுகிறது. அந்தப் பகுதியில் ஒவ்வொரு 0.1 வோல்ட்டும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சார்ஜ். 0.2 வோல்ட் கூடுதலாகச் சொல்லும் டார்ச், பாதி இருக்கிறது என்று சொல்லும் நேரத்தில் செல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செல் அளவுக்கு மீறி வடியாமல் காக்கும் குறைமின்னழுத்தப் பாதுகாப்பும் இதே அளவீட்டைத்தான் பார்க்கிறது. டார்ச்சின் கணக்கில் அழுத்தம் 3 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே போனதும் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் அணைந்துவிடும். டார்ச் கூடுதலாகச் சொல்வதாக இருந்தால் செல் அதைவிடத் தாழ்ந்த பிறகே பாதுகாப்பு விழித்துக்கொள்ளும். குறைவாகச் சொல்வதாக இருந்தால், சார்ஜ் இருக்கும்போதே வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பல செல்களின் தரவுத்தாள் 2.5 வோல்ட் வரை அனுமதிப்பதால் ஒரு முறை நடந்தால் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. திரும்பத் திரும்ப நடந்தால் செல்லின் ஆயுள் குறையும்.

பாதுகாப்புதான் இருக்கிறதே, சோதனை எதற்கு என்ற மறுப்பும் இங்கே நிற்காது. அது செல்லைக் காப்பாற்ற வைக்கப்பட்டது, இருட்டில் நடப்பவரைக் காப்பாற்ற வைக்கப்பட்டது அல்ல. அது முதல் முறை குறுக்கிடும்போது நீங்கள் ஏற்கெனவே பாதையின் நடுவில் இருப்பீர்கள். மின்னோட்டம் பாயும்போதுதான் அது பார்க்கிறது என்பதால், டர்போவில் சீக்கிரமாகவும், தாழ்ந்த வெளிச்சத்தில் தாமதமாகவும் செயல்படும். மிச்சத்தைப் பற்றிய நம்பகமான செய்தியாக அதைக் கொள்ள முடியாது. தினமும் இரவு சார்ஜில் போட்டுவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்பது இன்னொரு மறுப்பு. தினமும் பயன்படும் டார்ச்சுக்கு அது சரியான பழக்கம்தான். ஆனால் மாதக்கணக்கில் மேசைக்குள் கிடக்கும் டார்ச்சில் செல்லை 4.2 வோல்ட்டிலேயே வைத்திருப்பது அதை வேகமாக முதுமையாக்கும், வெப்பமான இடத்தில் இன்னும் வேகமாக. அத்தகைய செல்லை 3.7 அளவில் வைத்திருந்து, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்வது நல்லது. அந்த 3.7 உண்மையிலேயே 3.7தானா என்பதற்குத் திருத்தம் செய்த டார்ச் வேண்டும். மடிக்கணினியில் இருப்பது போல, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கணக்கு வைக்கும் சில்லை டார்ச்சில் வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். செல்லை நிமிடத்தில் கழற்றி வேறொன்றைப் போடக்கூடிய கருவியில் அந்தக் கணக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் அறுந்துபோகும். புதிதாக வந்த செல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அது கடைசியில் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் வழக்கமான லித்தியம் அயானுக்கு மட்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் தன் சார்ஜின் பெரும்பகுதியை 3.2, 3.3 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்று கொடுத்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டை எண்ணி மிச்சத்தைக் கணிக்க முடியாது. எனெலூப் போன்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லும் 1.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நிற்கும். 14500 லித்தியம் செல்லையும் சாதாரண ஏஏ செல்லையும் ஏற்கும் விளக்குகளில், எந்த செல் உள்ளே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் எண்ணைப் படிக்க வேண்டும்.

பட்டனையே தொடாமல் அளவு தெரிந்துகொள்ளத் துணை விளக்கு உதவும். வண்ணத் துணை விளக்கு உள்ள மாடல்களில், அணைந்த நிலையில் ஏழு கிளிக் செய்தால் அதன் பாங்கு மாறும்: அணைவு, மங்கல், பிரகாசம், சிமிட்டல். ஏழாவதைப் பிடித்துக்கொண்டிருந்தால் நிறங்கள் ஒவ்வொன்றாக மாறும். வரிசையின் கடைசியில் மின்னழுத்தம் என்ற தேர்வு இருக்கிறது. அதை வைத்துவிட்டால் சார்ஜ் குறையக் குறைய ஊதா, நீலம், வெளிர்நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் இறங்கும். பூட்டிய நிலைக்குத் தனி அமைப்பு உண்டு, அதையும் தனியாக மாற்ற வேண்டும். இந்த நிறங்களில் அலங்காரத்துக்காக ஒன்றைத் தேர்ந்து வைப்பவர்கள் மீது எனக்குக் குறை இல்லை, ஆனால் மின்னழுத்தத்தை விட்டுவிட்டு வேறு எதை வைத்தாலும் ஒரு கருவியை இழக்கிறீர்கள். பாங்கில் மங்கலையே தேர்ந்தெடுங்கள். துணை விளக்கு 2 மில்லிஆம்பியர் இழுத்தால் 3000 மில்லிஆம்பியர்-மணி செல் சுமார் 62 நாளில் காலியாகிவிடும், 0.03 மில்லிஆம்பியர் என்றால் கணக்குப்படி பத்து ஆண்டுக்கு மேல் தாங்கும், செல் தானாக இழப்பதே அதற்குள் அதிகமாகிவிடும். எரிந்துகொண்டே இருக்கும் ஒளி பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. திருத்தத்துக்காக முன்பு சொன்ன பட்டியலில் இரண்டாவது சிமிட்டலில் விரலை எடுத்தால், முதன்மை விளக்கை அணைத்த பிறகு எத்தனை நொடிகள் துணை விளக்கில் மின்னழுத்த நிறம் தெரிய வேண்டும் என்பதை அமைக்கலாம். நான்கு கிளிக் கொடுத்தால் நான்கு நொடி. அணைத்த கணத்தில் தெரியும் அந்த நிறம் இன்னும் முழுதாக ஓய்வுக்கு வராத செல்லின் நிறம் என்பதை மறக்க வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நிறம் உதவாது. அவர்களுக்கு மூன்று கிளிக்தான் பாதுகாப்பான வழி, வீட்டில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால் டார்ச்சைக் கொடுக்கும்போதே அதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட செல்களை இணையாகப் பயன்படுத்தும் விளக்குகளில், எடுத்துக்காட்டாக நான்கு 18650 செல்கள் போடும் சோஃபிர்ன் க்யூ8 விளக்கில், சோதனை எல்லா செல்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் சொல்லும். போடுவதற்கு முன் செல்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தனவா என்பதை அது சொல்ல வழியே இல்லை. 4.2 வோல்ட் செல்லையும் 3.6 வோல்ட் செல்லையும் இணையாகப் போட்டால், ஒவ்வொன்றின் தடையும் 40 மில்லிஓம் என்று கொண்டால், போட்ட கணத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு 7.5 ஆம்பியர் பாயும். விளக்கு எரியாதபோதே இது நடக்கும், பட்டனுக்கும் ஃபர்ம்வேருக்கும் இதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. தொடராக இணைக்கும் விளக்கில் சிக்கல் வேறு வகை: இரண்டின் கூட்டுத்தொகை நன்றாக இருக்கும், அதற்குள் ஒரு செல் தளர்ந்து போயிருக்கும், பாதுகாப்பும் கூட்டுத்தொகையைப் பார்த்து ஏமாந்துவிடும். எனவே இந்த இரண்டு வகை விளக்குகளுக்கும் ஒரே நேரத்தில் வாங்கிய, ஒரே மாடல் செல்களை எண்ணிட்டு ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு, சார்ஜரிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் தனித்தனியாக அளந்து, 0.05 வோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் மட்டுமே உள்ளே போடுங்கள்.